பிடிச்சிட்டு

இலஞ்சியில் அத்தை வீட்டுப் பின்கட்டுத் திண்ணையில் பன்னிரண்டு பிச்சிக் குச்சிகள் நிற்கின்றன. ஓட்டிலிருந்து ஒழுகும் தண்ணீர் படாத இடம். ஆனால் சாரல் வந்து தொட்டுவிட்டுப் போகிற இடம். வாய் உடைந்த மண்தொட்டியில் ஆற்றுமணலும் செம்மண்ணும் கலந்து, அதில் வரிசையாக, லேசாகச் சாய்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் பென்சில் கனம், ஒரு சாண் நீளம். எட்டி நின்று பார்த்தால் வெறும் குச்சிதான். கொஞ்சம் குனிந்து பாருங்கள். இன்னும் கொஞ்சம். மூன்றாவது குச்சியின் மேல்கணுவில், இலை உதிர்ந்த தழும்புக்கு மேலே, கடுகைவிடச் சிறியதாக ஒரு பசும்புள்ளி ஒளிர்கிறதே, நேற்று மாலை அது அங்கே இல்லை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அத்தை, பிடிச்சிட்டு!" என்று கூவினேன். அத்தை அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஏட்டி, அவசரப்படாத. அது குச்சிக்குள்ள கெடந்த சத்துல துளிக்கி. வேர் விட்டப்புறம் சொல்லு" என்றாள்.

அத்தை சொல்வது சரி. கொடியிலிருந்து பிரியும்போது குச்சி தன்னோடு ஒரு கட்டுச்சோறு எடுத்து வருகிறது. அதைத் தின்று முதல் துளிரை விடும். அந்தத் துளிர் இரண்டு இலையாகி, நான்கு இலையாகி, சாரல் ஓய்ந்து வெயில் அடிக்கும் ஒரு நண்பகலில் வாடாமல் நின்றால்தான் கீழே வேர் ஓடியிருக்கிறது என்று பொருள். அன்றைக்குத்தான் அந்தச் சொல்லைச் சொல்லலாம். பிடிச்சிட்டு. எங்கள் பக்கத்துப் பேச்சின் முழு இனிமையும் அந்தச் சொல்லில் இருக்கிறது. செடி மண்ணைப் பிடித்துக்கொண்டதா, மண் செடியைப் பிடித்துக்கொண்டதா என்று அது சொல்வதில்லை. ஒருவரை நமக்குப் பிடித்துப்போவதற்கும் ஒரு குச்சி வேர்விடுவதற்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. பதியம் என்பதும் அப்படித்தான். மண்ணில் பதிவதும் மனத்தில் பதிவதும் நமக்கு ஒன்றுதான்.

ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அடுத்த பாட்டுக்குப் போக மனமில்லாமல், அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கேட்பவரையும் அந்த இன்பத்துக்குள் இழுத்துக்கொள்ளும் கலையை இலஞ்சியை ஒட்டிய குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. வளர்த்தார். 1954இல் அவர் மறைந்ததும் அங்கேதான். ஒரு கவியை அவர் எடுத்துக்கொண்ட நிதானத்தில் ஒரு குச்சியையும் எடுத்துக்கொள்ளலாம் என்று இந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றுகிறது. அத்தைக்கு இந்த ஒப்பீடெல்லாம் வேண்டியதில்லை. அவள் கை செய்கிறது, நான் பார்க்கிறேன்.

முதலில் அந்த வெட்டு. வெட்டுவதற்கு முன்பே, எந்தக் கொம்பு என்பதில் அத்தையின் கண் வேலை செய்யத் தொடங்கிவிடும். நுனிக் கொழுந்து வேண்டாம். நீர்ச்சத்து மிகுந்தது, அழுகிப்போகும். அடிக்கொம்பும் வேண்டாம், முற்றி மரத்திருக்கும், வேர்விட நாளாகும். இரண்டுக்கும் நடுவே, பச்சை பழுப்பாக மாறிக்கொண்டிருக்கும் அந்த ஒரு முழம் இருக்கிறதே, வளைத்தால் வளைந்துகொடுத்து, இன்னும் வளைத்தால் படக்கென்று ஒடிகிற பதம், அதுதான் வேண்டும். கடையில் வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்ப்பார்களே, அதே விரல், அதே நுட்பம். சமையலில் பதம் பார்த்த கை செடியிலும் பதம் பார்க்கிறது.

அப்புறம் கத்தி. கீழ்முனையில், கணுவை ஒட்டி அதற்குச் சற்றுக் கீழே, சாய்வாக ஒரே இழுப்பு. மேல்முனையில், கணுவுக்கு ஒரு விரற்கடை மேலே, நேராக ஒரு வெட்டு. இந்த இரண்டு வெட்டின் அழகை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. சாய்வெட்டு மண்ணைத் தொடும் பரப்பைக் கூட்டுகிறது. நேர்வெட்டு, காற்றில் காயும் பரப்பைக் குறைக்கிறது. அதோடு இரண்டும் சேர்ந்து, எது தலை எது கால் என்பதையும் சொல்லிவிடுகின்றன. நூறு குச்சியை ஒன்றாகக் குவித்து வைத்தாலும் குழப்பம் வராது. அதற்கு அவசியமும் இருக்கிறது. கொம்பின் நுனியில் பிறக்கும் ஆக்சின் என்னும் வளர்ச்சிச்சத்து எப்போதும் நுனியிலிருந்து அடியை நோக்கியே நடக்கும். கொம்பைத் தலைகீழாகப் பிடித்தாலும் அது தன் வழியை மறப்பதில்லை. வெட்டுவாயில் வந்து, மேற்கொண்டு போக இடமில்லாமல் தேங்கி நிற்கும். அந்தத் தேக்கத்தில்தான் காயம் முதலில் வெளிர்நிறத் தழும்பாகத் திரள்கிறது. அந்தத் தழும்பை ஒட்டி, நூலைவிட மெல்லியதாக, பாலைவிட வெள்ளையாக முதல் வேர் எட்டிப் பார்க்கிறது. செடிக்குள் தண்டாக இருந்த உயிரணு, ஒரு கத்தி பட்டதும் தன் வேலையை மாற்றிக்கொண்டு வேராகிறது. இதைவிட மென்மையான அதிசயத்தை நான் பார்த்ததில்லை.

கீழ் இலைகளை எல்லாம் கிள்ளிவிடுவாள். மேலே இரண்டே இரண்டு. அந்த இரண்டையும் பாதியாக நறுக்கிவிடுவாள். பாதி இலையோடு நிற்கும் குச்சி, அரைத்தலை மழித்த பிள்ளை மாதிரி பரிதாபமாக இருக்கும். ஆனால் அதில் எவ்வளவு பரிவு இருக்கிறது பாருங்கள். குடிக்க வேரில்லாத உயிர் அது. முழு இலை இருந்தால் மூச்சோடு நீரையும் விட்டு வற்றிப்போகும். இலையே இல்லையென்றால் உணவும் வளர்ச்சிச்சத்தும் இல்லை. ஆகவே பாதி. உயிரோடு இருக்கப் போதுமான அளவு, உலர்ந்துபோகாத அளவு. ஊன்றும் முன் கீழ்முனையைச் சோற்றுக்கற்றாழை மடலுக்குள் ஒரு முறை செருகி எடுப்பாள். அந்த வழுவழுப்பு காயத்தின் மேல் ஒரு மெல்லிய போர்வையாகப் படிந்துவிடும்.

இதற்குமேல் அத்தை ஒன்றும் செய்வதில்லை. மிச்சத்தைச் சாரல் செய்கிறது.

வெளியூரார் சாரல் என்பதை மழை என்று நினைத்துக்கொள்வார்கள். மழைக்கு ஓசை உண்டு, கனம் உண்டு. சாரலுக்கு இரண்டும் இல்லை. ஆனியில் தென்மேற்குப் பருவக்காற்று மலையாளக் கரையில் கொட்டித் தீர்த்துவிட்டு, ஆரியங்காவுக் கணவாய் வழியாக, மலை தாழ்ந்த அந்த இடைவெளியைக் கண்டுபிடித்து இந்தப் பக்கம் நுழையும்போது, அதன் கையில் மிஞ்சியிருப்பது இந்தத் தூவல்தான். புகையைவிடக் கொஞ்சம் ஈரம், மழையைவிடக் கொஞ்சம் புகை. தென்காசிக் கோபுர வாசலில் நின்றால் அந்தக் காற்று ஆளையே தள்ளும். அதே காற்று அத்தை வீட்டுத் திண்ணைக்கு வரும்போது, தாய் தூங்கும் பிள்ளையின் முகத்தைத் துடைப்பதுபோல் அந்தப் பாதி இலைகளைத் துடைத்துவிட்டுப் போகிறது. பெரிய நாற்றுப்பண்ணைகளில் பனிமூட்டக் கூடம் என்று கட்டி, மோட்டார் வைத்து, நுண்துளைக் குழாயில் நீரைப் பொடியாக்கித் தெளிக்கிறார்கள். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் குற்றாலமே அப்படியொரு கூடம். கிழக்கே சங்கரன்கோவில், ஆலங்குளம் பக்கம் போனால் இந்தக் கொடுப்பினை குறைவு. அங்கே இருப்பவர்கள் தொட்டியின் மேல் கண்ணாடி போன்ற பாலித்தீன் பையைக் கவிழ்த்துக் கட்டி, நிழலில் வைத்து, உள்ளே ஒரு கைப்பிடிக் குற்றாலத்தை உண்டாக்கிக்கொள்கிறார்கள். பையின் உட்புறத்தில் முத்துமுத்தாக நீர் கோத்து நிற்பதைப் பார்ப்பதும் ஒரு சுகம்தான்.

குச்சியைவிட என்னை மயக்குவது விண்பதியம். கொல்லையில் நிற்கும் கொய்யாவில் சென்ற மாதம் அத்தை ஒன்று கட்டியிருக்கிறாள். கட்டிய நாள் முழுக்க நான் கூடவே இருந்தேன். சுட்டுவிரல் கனமுள்ள கிளை. நுனியிலிருந்து ஒன்றரை அடி உள்ளே தள்ளி, சுற்றிலும் ஒரு வெட்டு. அதிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி இன்னொரு வெட்டு. இரண்டையும் இணைத்து நெட்டுவாக்கில் ஒரு கீறல். பிறகு நகத்தால் மெதுவாக நெம்பினால், அந்தப் பட்டை வளையல் கழல்வதுபோல் முழுசாகக் கழன்று வரும். உள்ளே மரம் தந்தம்போல் வழுக்கிக்கொண்டு மின்னும். அந்த வழுக்கலைக் கத்தியின் முதுகால் சுரண்டித் துடைத்துவிட வேண்டும். அதுதான் பட்டையை மறுபடி வளர்க்கும் படலம். விட்டுவைத்தால் காயம் மூடிக்கொள்ளும், வேர் வராது.

கிளையை இப்படிக் கழுத்தறுத்த பிறகும் அதன் இலைகள் ஒன்றுகூட வாடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏனென்றால் நீர் ஏறும் வழி மரத்தின் உள்ளே இருக்கிறது. அதை நாம் தொடவில்லை. இலை சமைத்த உணவு இறங்கும் வழி பட்டையில் இருக்கிறது, அதைத்தான் மறித்தோம். கீழே போக முடியாத இனிப்பெல்லாம் அந்த மேல்விளிம்பில் வந்து குவிகிறது. விளிம்பு தடிக்கிறது, உதடுபோல் பிதுங்குகிறது. அங்கே ஈரம் வைத்துக் கட்டினால் உதட்டிலிருந்து வேர் பிறக்கிறது. தாய் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள், பிள்ளை தன் காலில் நிற்கப் பழகிக்கொண்டே இருக்கிறது. குச்சியில் இருக்கும் பிரிவுத்துயர் இதில் இல்லை. பிரியும் முன்பே எல்லா ஏற்பாடும் முடிந்துவிடுகிறது.

கட்டுவதற்கு அத்தை எடுத்துக்கொள்வது ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூள். முன்பெல்லாம் களிமண்ணும் சாணமும் பிசைந்து அப்பி, சாக்கைச் சுற்றி, நாரால் கட்டுவார்களாம். இப்போது ஒளி ஊடுருவும் பாலித்தீன். இந்த ஒரு மாற்றத்துக்காக நான் இந்தக் காலத்துக்கு நன்றி சொல்லுவேன், ஏனென்றால் உள்ளே நடப்பது தெரிகிறது. முப்பது நாள் ஒன்றும் இராது. பழுப்பு உருண்டை, மேலும் கீழும் இறுக்கிய முடிச்சு, அவ்வளவுதான். பிறகு ஒரு காலை, பாலித்தீனின் உட்புறத்தில் ஒரு வெள்ளைக் கோடு. மறுநாள் மூன்று. ஒரு வாரத்தில், யாரோ அரிசிமாவைத் தொட்டு இழுத்த இழைக்கோலம்போல், வளைந்தும் கிளைத்தும் ஒன்றையொன்று தாண்டியும் வெண்வேர்கள் அந்தச் சின்ன உருண்டையைச் சுற்றிப் படர்ந்துவிடும். மண்ணுக்குள் இருட்டில் நடக்க வேண்டியது, ஆகாயத்தில் நம் கண்ணுக்கு நேராக நடக்கிறது. விண்பதியம் என்று பெயர் வைத்தவர் ரசிகர்.

பெயர் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். தொல்காப்பியத்து மரபியலில் இளமைக்கு உரிய சொற்களை அடுக்கும் இடத்தில், ஓரறிவு உயிராகிய செடிகொடிகளுக்கும் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்ற பெயர்கள் பொருந்தும் என்று வருகிறது. இரண்டாயிரம் ஆண்டுச் சொற்கள் இலஞ்சியில் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. வாழைக்குக் கன்று, தென்னைக்குப் பிள்ளை, முருங்கைக்குப் போத்து. "முருங்கப் போத்து ஒண்ணு வெட்டித் தாங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அப்பாலிருந்து கேட்கும்போது, அவர் இலக்கணம் பேசுகிறார் என்பது அவருக்குத் தெரியாது. கை கனமுள்ள ஒரு முருங்கைக் கிளையை நான்கு அடிக்கு வெட்டி, வெட்டுவாயில் ஈரம் காயும்வரை நிழலில் சாத்திவைத்து, பிறகு ஊன்றி, மேல்முனையில் சாணி உருண்டை வைத்துவிட்டால் ஆயிற்று.

குற்றாலத்து மண்ணுக்கு வெளியூர்ச் செடியை வரவேற்ற பெருமையும் உண்டு. இந்தியாவில் கிராம்பு முதன்முதலாக ஊன்றப்பட்டது இங்கேதான். 1800ஐ ஒட்டி, கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் வைத்திருந்த வாசனைத் தோட்டத்துக்கு அது வந்து சேர்ந்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னால், 1796இல், டச்சுக்காரர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக் காத்துவந்த மொலுக்காத் தீவுகள் ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தன. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கிராம்பு மலராத மொட்டு, ஊன்றினால் முளைக்காது. விதையோ காய்ந்தால் உயிரை விட்டுவிடும். அப்படிப்பட்ட ஒன்றைக் கடல்கடத்திக் கொண்டுவந்து, இந்தச் சாரலில் வைத்து, "பிடிச்சிட்டு" என்று முதலில் சொன்னவர் யாரோ. இங்கிருந்து 1850க்குப் பிறகு தெற்குத் திருவிதாங்கூருக்கும் நீலகிரிக்கும் மேற்குத்தொடர்ச்சி மலைச் சரிவுகளுக்கும் கிராம்பு பரவியது.

இன்னொரு வாசனை மரமான ஜாதிக்காயில் ஒரு நயம் இருக்கிறது. அதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதை போட்டு ஆறேழு ஆண்டு காத்திருந்து, பூத்த பிறகே எது எதுவென்று தெரியும். அதனால் காய்க்கிற பெண் மரத்திலிருந்து ஒரு கொம்பை எடுத்து, இளநாற்றின் தண்டை 'வி' வடிவில் பிளந்து, கொம்பை ஆப்புபோல் சீவிச் செருகி, பட்டையோடு பட்டை ஒட்டக் கட்டுகிறார்கள். இதில் எந்தக் கொம்பு என்பதுதான் சூட்சுமம். நெட்டுக்குத்தாக ஏறும் கொம்பை ஒட்டினால், புதுச்செடியும் நிமிர்ந்து மரமாகும். பக்கவாட்டில் படரும் கொம்பை ஒட்டினால், அது எத்தனை ஆண்டானாலும் பக்கவாட்டிலேயே படர்ந்து புதராக நிற்கும். வெட்டி, இடம் மாற்றி, வேறு வேரின்மேல் உட்காரவைத்த பிறகும், தான் தாய்மரத்தில் எந்தத் திசையில் நீண்டிருந்தேன் என்பதை ஒரு கொம்பு மறப்பதில்லை. மிளகிலும் இதே கதை. தரையில் ஓடும் கொடியை இரண்டு மூன்று கணுவாக நறுக்கி ஊன்றினால் மரமேறும் மிளகு. காய்க்கும் பக்கக்கிளையை ஊன்றினால் தொட்டியிலேயே குத்தாக நின்று காய்க்கும் புதர் மிளகு. அத்தையின் திண்ணையோரம் அப்படி ஒன்று, முழங்கால் உயரத்தில், பச்சை மணிச்சரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறது. வேறொரு பெரிய மரத்தின் உச்சிக் காற்றை அது இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம்.

மங்குஸ்தானுக்கு இந்த வேலை எதுவும் தேவையில்லை. சீசனில் குற்றாலத்துச் சாலையோரம் ஊதாக் குவியலாக விற்பார்களே, அந்தப் பழத்தின் விதை மகரந்தம் சேராமலே கருக்கொள்வது. விதையே தாயின் ஒரு துண்டு. விதை போட்டாலும் பதியம் போட்ட மாதிரிதான், தாயின் அச்சு. ஆனால் பழம் தின்ற கையோடு விதைத்துவிட வேண்டும், காயவிட்டால் போயிற்று.

இனி, வளர்த்ததைத் தின்ன வருகிறவர்களைப் பற்றி.

அத்தை பூச்சிமருந்து என்று சொல்வதில்லை. பூச்சி விரட்டி என்பாள். கொல்லிக்கும் விரட்டிக்கும் நடுவே இருக்கும் தூரத்தை அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். ஆனியில் வேப்பம்பழம் உதிரும். பொறுக்கி, சதை போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஓடு நீக்கி, பருப்பை எடுத்து வைத்துக்கொள்வாள். வேண்டும்போது ஐம்பது கிராம் பருப்பை நசுக்கித் துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, மறுநாள் பிழிந்தால் நீர் பால்போல் வெளுத்திருக்கும். இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு. தெளிப்பது மாலையில்தான், ஏனென்றால் வெயில் அதன் வீரியத்தைத் தின்றுவிடும். பட்ட புழு உடனே சாவதில்லை. இலை கசக்கிறது, வாயை எடுத்துக்கொள்கிறது; மீறித் தின்றால் தோலுரிக்கும் பருவத்தில் உரிக்க முடியாமல் தடுமாறுகிறது. அந்தக் கசப்பின் சாரமான அசாடிராக்டின் எப்பேர்ப்பட்ட சிற்பம் என்றால், ஆய்வகத்தில் அதை முழுமையாகக் கட்டி முடிக்கக் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகளுக்கு 22 ஆண்டுகள் ஆயின, 2007இல்தான் முடித்தார்கள். அத்தையின் முற்றத்து வேம்பு ஆண்டுதோறும் ஆனியில் அதைக் காலடியில் உதிர்த்துவிடுகிறது.

அவரைப் பந்தலில் அசுவினி கண்டால் சாம்பல். விறகடுப்புச் சாம்பலைச் சலித்து, விடியலில், இலையில் பனி ஈரம் இருக்கும்போதே தூவ வேண்டும். அப்போதுதான் ஒட்டும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே எடுத்து, கோலமாவு விடுவதுபோல் அவள் மணிக்கட்டை அசைக்கும்போது, சாம்பல் ஒரு கணம் காற்றில் நின்று, மெல்லிய திரையாகி, பிறகு கொடிமேல் இறங்கும். அதைப் பார்ப்பதற்காகவே நான் விடியலில் எழுந்திருக்கிறேன்.

ஆனால் அத்தையின் பெரிய மருந்து, கைவைக்காமல் இருப்பதுதான். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பியிருந்தது ஒரு முறை. நான் ஈரத்துணியால் துடைக்கப் போனேன். "இரு. அதுல ஒண்ணு நடக்குது பாரு" என்றாள். உற்றுப் பார்த்தேன். வெள்ளை மெழுகு நூல்களால் உடம்பு முழுக்கப் போர்த்திக்கொண்டு, மாவுப்பூச்சியைவிடப் பெரிய மாவுப்பூச்சிபோல், ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. அது மாவுப்பூச்சியே இல்லை. அவற்றைத் தின்னும் பொறிவண்டின் குஞ்சு. எந்த மந்தையைத் தின்கிறதோ அந்த மந்தையின் உடையை உடுத்திக்கொண்டு உள்ளே திரிகிறது. கிரிப்டோலேமஸ் என்ற இந்த வண்டு 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பகை என்று நினைத்து எத்தனை பேர் இந்தத் துணையை நசுக்கியிருப்பார்களோ. அவசரக் கண்ணுக்கு இரண்டும் வெறும் வெள்ளை. நின்று பார்க்கும் கண்ணுக்குத்தான் ஒன்று நிற்பதும் ஒன்று நடப்பதும் தெரியும்.

2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டி, பப்பாளியும் மரவள்ளியும் மல்பெரியும் வெளுத்துக் கருகியது பலருக்கு நினைவிருக்கும். மருந்துக்கு அடங்காத அதை 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஒட்டுண்ணிக் குளவிகள் அடக்கின. அவற்றில் முதன்மையான அசிரோபேகஸ் எள்ளைவிடச் சிறியது. அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். அவ்வளவுதான் அதன் போர்.

கறிவேப்பிலைச் செடியின் கொழுந்தில் ஒன்றைக் காட்டுகிறேன், வாருங்கள். இலைமேல் பறவை எச்சம் விழுந்ததுபோல், கருப்பும் வெள்ளையுமாக ஒரு கறை. துடைத்துவிடாதீர்கள், அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. எந்தக் குருவியும் தன் எச்சத்தைத் தின்னாது என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. சில நாளில் அந்த வேடத்தைக் களைந்துவிட்டு இலையின் பச்சையையே உடுத்திக்கொள்ளும். விரலால் லேசாகத் தீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு கொம்புகள் ஈரமாக நீளும். எலுமிச்சை அழுகியதுபோல் ஒரு நெடி வரும். மறுகணம் கொம்புகள் உள்ளே மடங்கிவிடும். அத்தை தாய்ச்செடியிலிருந்து இவற்றை இலையோடு கிள்ளி, வேலியோரம் பக்கவேரில் கிளம்பிய இரண்டு கறிவேப்பிலைக் கன்றுகளுக்கு மாற்றிவிடுவாள். அந்த இரண்டு கன்றும் அவற்றுக்கே. சமையலுக்கு அதிலிருந்து ஒரு இணுக்கும் எடுத்ததில்லை.

அதே செடியின் இன்னொரு இலையின் அடியில், தலைமயிரைவிட மெல்லிய காம்புகளின் நுனியில் வெண்மணிகள் ஆடிக்கொண்டிருக்கின்றன. கண்ணாடி இறக்கைப்பூச்சி இட்ட முட்டைகள். முதலில் பொரித்தது பக்கத்து முட்டையைத் தின்றுவிடாமலும், எறும்புக்கு எட்டாமலும், ஒவ்வொன்றையும் தனித்தனித் தண்டில் ஏற்றிவைத்திருக்கிறது அந்தத் தாய். நானும் சாரலும் ஒரே நேரத்தில் மூச்சுவிட, ஆறு மணிகளும் ஒன்றாகச் சாய்ந்து ஒன்றாக நிமிர்ந்தன.

திண்ணைக் குச்சியில் அந்தப் பசும்புள்ளியைப் பார்த்துப் பல நாளாயிற்று. நேற்று சாரல் ஓய்ந்து, நாள் முழுக்க நல்ல வெயில். பிற்பகல் மூன்று மணிக்கு அத்தை தானாகவே திண்ணைக்கு வந்து, தொட்டி முன்னால் குந்தி, ஒவ்வொரு குச்சியாக இலையைத் தொடாமல் பார்த்துக்கொண்டு போனாள். இரண்டு கருத்துவிட்டன. ஒன்று இன்னும் யோசிக்கிறது. மற்ற ஒன்பதும் நான்கு நான்கு இலைகளோடு, வாடாமல், வெயிலுக்கு நேராக நின்றன.

"பிடிச்சிட்டு" என்றாள்.

அவற்றில் மூன்று மேலகரத்துக்கு, இரண்டு செங்கோட்டைக்கு, ஒன்று வேலிக்கு அப்பால் முருங்கைப் போத்து கேட்டவருக்கு. ஒன்று என்னோடு வருகிறது. மிச்சம் இரண்டு இருக்கிறது. இந்தச் சீசனில் இந்தப் பக்கம் வந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.